சோசியருக்கு மெஷினுக்குள்ள மெஷின் வச்ச கதை

கம்ப்யூட்டர் திருத்துற தொழில்ல கம்ப்யூட்டரைத் திருத்துறதுதான் ஆகக் குறைஞ்ச வேலை.

இது எனக்குப் புரியுறதுக்கே பத்து வருஷம் போயிருச்சு. கண்டி டவுன்ல, ஒரு மாடிப்படிக்குக் கீழதான் நம்ம கடை. ரெண்டு பேர் உள்ள நின்னா மூணாவது ஆள் ரோட்டுல நிக்கணும். இத வாசிக்கிற உங்கள்ல பாதிப் பேர் நம்ம கட்சியாத்தான் இருப்பீங்க. அதுக்குக் கடை வச்சிருக்கணும்னு இல்ல. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒரு சொந்தக்காரருக்கு பிரின்டர் சரி பண்ணிக் குடுத்திருந்தா போதும். அதுக்கப்புறம் உங்க வீட்டுக்கு யாரும் சும்மா வரமாட்டாங்க, கையில ஒரு லேப்டாப்போடதான் வருவாங்க.

இதுல வர்ற பேச்செல்லாம் அவங்கவங்க வாயில வந்தபடியே போட்டிருக்கேன். பேரை மட்டும் மாத்திட்டேன், நாளப்பின்ன நாவலப்பிட்டி பஸ்ல ஏறணுமே.

உள்ளுக்க இருக்கிறவர்

ஒரு புதன்கிழமை காலைல நான் கடை திறக்கும்போதே படியில உக்காந்திருந்தார் பெருமாள் சோசியர். நாவலப்பிட்டியிலேருந்து முதல் பஸ்ல வந்திருக்கார். ஒரு கையில மச்சான் கட்டார்லேருந்து அனுப்பின புத்தம் புது லேப்டாப். மத்தக் கையில சாக்குல கட்டின பழைய கம்ப்யூட்டர். போன வாரம் இடி விழுந்து அதோட போர்டு கருகிப் போச்சு. அவரோட ஜாதக புரோகிராம் அதுல மட்டும்தான் ஓடும். புது லேப்டாப்புல போட்டா அது தொட்டும் பாக்க மாட்டேங்குது. அவசரம் அவருக்கு இல்ல, அவர் ஊர் பாக்கியம் டீச்சருக்கு. டீச்சர் வீட்டுக்குள்ள மழைத் தண்ணி ஏறி, மக தர்ஷினியோட ஜாதகம் கூழாப் போயிருச்சு. பொருத்தமெல்லாம் எப்பவோ பாத்து முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை மாத்தளையிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பரிசம் போட வர்றாங்க. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி ஜாதகத்தைத் தாம்பாளத்துல வச்சு மாத்தியாகணும்.

பழைய ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிருந்துச்சு. அத அப்பிடியே புது லேப்டாப்புல ஏத்திப் பாத்தேன், முடியாதுன்னு நீலத் திரையக் காட்டி நின்னுருச்சு. மிச்சம் இருந்த ஒரே வழி வேர்ச்சுவல் மெஷின். உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, இருந்தாலும் அவருக்குச் சொன்னதையே சொல்றேன். புது லேப்டாப்புக்குள்ள, இல்லாத கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கிற மாதிரி காட்டி, அதுக்குள்ள, கம்ப்யூட்டரை ஓட்டுற பழைய ஓஎஸ்ஸ இன்ஸ்டால் பண்றது. அந்த ஓஎஸ், தான் ஒரு நிஜ மெஷின்லதான் இருக்கிறதா நம்பிக்கிட்டு ஓடும். கையையும் காலையும் ஆட்டி நான் விளக்கி முடிச்சேன். சோசியர் லேப்டாப்பை உத்துப் பாத்தார்.

"அப்ப உள்ளுக்க இருக்கிறவருக்கு, தான் உள்ளுக்க இருக்கிறது தெரியவே தெரியாதா, தம்பி?"

மொளகாய்க்குக் காவல்

இன்ஸ்டால் பண்ண ஓஎஸ் சீடி வேணும். சோசியரோட மெஷினோட வந்த சீடி எங்கிட்டதான் இருந்துச்சு. பத்திரமா வச்சிருங்க தம்பின்னு அவரே தந்திருந்தார். நானும் பத்திரமாத்தான் வச்சிருந்தேன். பிறகு ஒருநாள் பக்கத்துக் கடை ரஹீம் நானா, வேண்டாத சீடி இருந்தா தாங்கன்னு கேட்டார். பெட்டியோட தூக்கிக் குடுத்துட்டேன். ரஹீம் நானா படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுறவர். சீடி அவருக்கு எதுக்குன்னு அன்னைக்கு நான் கேக்கல.

அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினப்பத்தான் தெரிஞ்சுது. பெயின்ட் வாளிகள்ல மொளகாய்ச் செடி. அதுக்கு மேல குறுக்கும் நெடுக்கும் கயிறு. கயிறு முழுக்க என் சீடி, வெயிலுக்கு மின்னி மின்னி ஆடுது. காக்காவும் குரங்கும் கிட்ட வராதாம். ஆறாவது கயித்துல, கண்டி மழை அத்தனையும் வாங்கின கோலத்துல, நம்ம ஓஎஸ் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சவுக்காரம் போட்டுக் கழுவி, பஞ்சால ஒத்தி, மூணாவது தடவை வாசிக்க வச்சு, ஒரு வழியா லேப்டாப்புக்குள்ள ஒரு காப்பி எடுத்துட்டேன். நானாவுக்கு மனசே இல்ல. சீடியத் திருப்பிக் கட்டுற வரைக்கும் கயித்துக்குக் கீழயே நின்னுட்டார்.

"இத்தனை வருஷமா காக்கா ஒண்டு கிட்ட வரல்ல. நீங்க இத உள்ளுக்கு எடுத்து ரெண்டு மணித்தியாலம், எண்ட மொளகா நாலு போயிட்டுது."

ஆயுத பூஜைப் பொட்டு

அடுத்து லைசன்ஸ் நம்பர். இருபத்தஞ்சு எழுத்து. பழைய மெஷினோட வயித்துப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கும். சாக்கை அவிழ்த்துப் பாத்தா ஸ்டிக்கரைக் காணல. ஸ்டிக்கர் இருந்த இடத்துல அரை அங்குலத்துக்கு சந்தனம், அதுக்கு மேல குங்குமம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சிருக்கார். கம்ப்யூட்டருக்கு நெத்தி எதுன்னு தெரியாம, எழுத்து இருக்கிற இடம்தான் நெத்தின்னு முடிவு பண்ணிட்டார்.

நான் ஈரத் துணிய எடுத்ததும் கையப் பிடிச்சுக்கிட்டார். அவரே மெஷின்கிட்ட ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு, அவரே துடைச்சார். வருஷம் வருஷமா இறங்குது. கடைசியில எழுத்து தெரிஞ்சுது, ஒண்ணு மட்டும் தெரியல. 8ஆ இருக்கணும், இல்லன்னா B. பூதக் கண்ணாடி வச்சுப் பாத்தாச்சு, போனால படம் பிடிச்சுப் பெருசாக்கியும் பாத்தாச்சு. நம்பர் சரியான்னு பாக்கிற ஒரு புரோகிராம்ல எட்டைப் போட்டுப் பாப்போம்னு நான் கைய வச்சேன். சோசியர் தடுத்துட்டார். B போடச் சொன்னார். போட்டேன், எடுத்துக்கிச்சு. எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன்.

"அது எட்டா இருக்க முடியாது. எட்டு வச்ச மெஷின நான் வாங்கியிருக்கவே மாட்டேன்."

ஒன்பது பன்னண்டு

இன்ஸ்டாலேஷன் தொடங்க வியாழக்கிழமை காலை ஒன்பது பன்னண்டுன்னு நேரம் குறிச்சுக் குடுத்தார். சரியா ஒன்பது பன்னண்டுக்கு 'ஸ்டார்ட்' அழுத்தினேன். மெஷின் கறுப்புத் திரையக் காட்டி, உள்ளுக்க மெஷின் வைக்கிறதுக்கு இந்த லேப்டாப்புல அனுமதி இல்லன்னு சொல்லிருச்சு. நம்ம ஆளுங்களுக்கு இது தெரிஞ்ச சங்கதிதான். லேப்டாப்போட அடிமட்ட செட்டிங்ல ஒரு சுவிட்ச் இருக்கும், கடையில வாங்கும்போது அது பூட்டித்தான் வரும். அந்த இடத்துக்குப் போகணும்னா, லேப்டாப் முழிக்கிற முதல் விநாடியிலயே ஒரு பட்டனைத் தட்டணும். அது எந்தப் பட்டன்னு ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு மாதிரி வச்சிருப்பான்.

எட்டுத் தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஒவ்வொரு பட்டனாத் தட்டி, ஒன்பதாவது தடவைதான் கதவு திறந்துச்சு. சுவிட்ச்சப் போட்டு, திரும்ப 'ஸ்டார்ட்' அழுத்தும்போது மணி பத்தேகால். குறிச்ச நேரம் போயிருச்சேன்னு எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. இன்னொரு நேரம் குறிக்கணுமா, நாளைக்கு வரணுமான்னு கேட்டேன். சோசியர் சிரிச்சார். கொப்பியில ஒன்பது பன்னண்டுன்னு ஏற்கனவே எழுதி, அடியில கோடும் போட்டுட்டாராம்.

"பிள்ளை அழ லேட்டானாலும் பிறந்த நேரம் பிறந்த நேரம்தான், தம்பி."

கேட்டா குடுக்கணும்

முதல் கட்டம் நல்லாப் போச்சு. கோப்பெல்லாம் ஏறி முடிஞ்சதும் மெஷின் தானாவே ஒருக்கா அணைஞ்சு எரியும். எனக்கு வாவிக் கரைப் பக்கம் ஒரு ஆபீஸ்ல அவசர வேலை வந்துச்சு. சோசியர்கிட்ட, மவுஸைத் தொடாதீங்க, பாத்துக்கிட்டு மட்டும் இருங்கன்னு சொல்லிட்டுப் போனேன். ரெண்டு மணித்தியாலம் கழிச்சு வந்து பாக்கிறேன், வேலை கிளம்பின இடத்துலயே நிக்குது. சீடியிலேருந்து எடுத்த காப்பியில பிழையான்னு பாத்தேன். மெமரி பத்தலையான்னு கூட்டினேன். உள்மெஷினுக்கு டிஸ்க் இடம் கூடக் குடுத்தேன். திரும்பவும் முதல் கட்டம் முடிஞ்சு, அணைஞ்சு, எரிஞ்சுது.

அப்பத்தான் பாத்தேன். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து வரும் பாருங்க, சீடியிலேருந்து தொடங்கணும்னா ஏதாவது ஒரு பட்டன அழுத்துங்கன்னு. அந்த நேரத்துல நாம கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். அஞ்சு விநாடி பொறுத்தா அதுவாவே அடுத்த கட்டத்துக்குப் போயிரும். சோசியர் சால்வையைச் சரி பண்ணிக்கிட்டு முன்னுக்கு வந்தார். மோதிர விரலால, விபூதி வைக்கிற மாதிரி, ஒரு பட்டன அழுத்தினார். எல்லாம் முதல்லேருந்து தொடங்கிச்சு. காலைலேருந்து இதோட நாலாவது தடவையாம். மவுஸை அவர் தொடவே இல்ல, அதுல என் பேச்சை மீறல. ஏன் ஐயா அழுத்தினீங்கன்னு கேட்டதுக்கு அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"அது நம்மகிட்ட வாய் விட்டு ஒண்ணு கேக்குது. ஒரு பட்டன் அழுத்துறது பெரிய காரியமா? கேட்டா குடுக்கணும், தம்பி."

பாட்டு

பின்னேரம் மூணு மணிக்கு ஓஎஸ் ஏறி முடிஞ்சுது. பச்சை மேடும் நீல வானமும் திரையில வந்ததும் எனக்கே கண்ணு கொஞ்சம் ஈரமாச்சு. சோசியர் கும்பிட்ட கைய இறக்காமக் காத்துக்கிட்டு இருந்தார். எதுக்குன்னு கேட்டேன். பாட்டு வரலயேன்னார். பழைய மெஷின் திறக்கும்போது ஒரு சின்ன ராகம் வருமே, அது. உள்மெஷினுக்கு சவுண்ட் டிரைவர் இல்ல. ரெண்டு விதமா மாத்திப் பாத்தேன், சத்தமில்ல. வாய் பேசாத மெஷின எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறது நல்ல சகுனமாப் படலன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சுது. கடைசி பஸ்ஸ விட்டுருவாரோன்னு எனக்குப் பயம். இன்னொருக்கா அணைச்சு எரிய விட்டேன். வயர் பாக்கிற மாதிரி மேசைக்குப் பின்னால குனிஞ்சேன். பச்சை மேடு தலையக் காட்டுற அந்த விநாடிக்கு, மூக்காலயும் தொண்டையாலயுமா அந்த ராகத்தை அப்பிடியே எடுத்து விட்டேன். சோசியர் கும்பிட்ட கையக் கண்ணுல ஒத்திக்கிட்டார். புரோகிராமை ஏத்தி, பிரின்டரை ஒட்டி, எல்லாம் சரியா இருக்குன்னு பாத்து அனுப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு போன் அடிக்குது. கடையில ஒரு பேங்க் மெனேஜரும் அவரோட மனைவியும் நிக்கிறாங்க. அவங்களுக்கு முன்னாலயே, போனை வாய்க்குக் கிட்ட வச்சு, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் பாடித்தான் தீர வேண்டியிருந்துச்சு. சோசியர் அப்பிடிக் கேட்டுட்டார்.

"மேசைக்குப் பின்னால பாடினது நீங்கன்னு எனக்குத் தெரியும், தம்பி. இப்ப திறக்கப் போறேன், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஒருக்காப் பாடிருங்க."

பன்னண்டாம் இடம்

அன்னைக்கே பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டதும் நேரா பஸ் ஏறி, பாக்கியம் டீச்சர் கடைக்கு வந்து நின்னாங்க. குடையைக்கூட மடக்கல. தர்ஷினியோட புது ஜாதகத்தை என் மேசையில விரிச்சாங்க. தண்ணியில போன ஜாதகத்துல பதினோராம் இடத்துல நிம்மதியா உக்காந்திருந்த செவ்வாய், இதுல பன்னண்டாம் இடத்துல உக்காந்திருக்காம். பன்னண்டுல செவ்வாய்ன்னா தோஷம். கல்யாணத்துக்கு ஆகாது.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டு வருஷம் தோஷமில்லாத பொண்ணாத் தேடினதே, மாப்பிள்ளை தோஷமில்லாத ஜாதகம்கிறதாலதான். அவங்க பொருத்தம் பாத்தப்ப டீச்சர் கையால எழுதிக் குடுத்தது பதினொண்ணு. ஞாயித்துக்கிழமை தாம்பாளத்துல போறது பன்னண்டு. டீச்சர் அழல. ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறவங்க, அதனால ஒவ்வொரு கட்டமா விரலை வச்சு எண்ணிக் காட்டினாங்க. எண்ணி முடிச்சுட்டுத்தான் என்னை நிமிர்ந்து பாத்தாங்க.

"தோஷம்கூட இருக்கட்டும், பரிகாரம் செய்வோம். ஏமாத்திட்டோம்னு சொல்லுவாங்களே தம்பி, அதுக்கு என்ன பரிகாரம்?"

நகத்த மாட்டேன்

சனிக்கிழமை காலைலயே நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறினேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால சோசியர் வீட்டுக்குள்ள நுழையிறேன், டீச்சரும் மகளும் எனக்கு முன்னமே அங்க இருந்தாங்க. பழையபடி பதினொண்ணுன்னு கையால எழுதிக் குடுத்துருங்கன்னு டீச்சர் கெஞ்சியாச்சு. தர்ஷினி தன்னோட போன்ல ஒரு ஆப்ல போட்டுப் பாத்து, அதுவும் பதினொண்ணுன்னுதான் சொல்லுதுன்னு நீட்டினாளாம். இலவசமா வர்றது பலனும் இலவசமாத்தான் சொல்லும்னு சோசியர் திரும்பியும் பாக்கலயாம்.

நானும் கேட்டுப் பாத்தேன். ஒரு கட்டம்தானே ஐயா, மெஷின் புதுசு, ஏதாவது குழப்பி இருக்கும்னேன். மெஷின் குழப்பினா நீங்க கண்டுபிடிங்க, அது வரைக்கும் அது சொல்றதுதான் ஜாதகம்னுட்டார். அவருக்கும் அது லேசா இருக்கல. தர்ஷினிக்குப் பேர் வைக்க எழுத்துச் சொன்னதே அவர்தான்.

"எத்தனையோ பேருக்கு உள்ளத உள்ளபடி சொல்லி அழ வச்சிருக்கேன். டீச்சருக்குன்னு மட்டும் செவ்வாய நகத்தினா, அந்த முகங்கள நான் ரோட்டுல எப்பிடிப் பாக்கிறது?"

ரெண்டு மணிக்கூடு

மெஷினைத் தொடலாம்னு கைய வச்சேன், விடல. சனிக்கிழமை ஒன்பதிலேருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். அது முடியட்டும்னு எல்லாரும் உக்காந்திருந்தோம். லேப்டாப்பை அவர் ஒன்பதுக்கு முன்னமே திறந்து வச்சுட்டார், உள்மெஷின் திரை முழுக்க நின்னுச்சு. சுவர் மணிக்கூடு அவருக்கு முதுகுப் பக்கம். கொஞ்ச நேரத்துல சோசியர் திரையோட மூலையைப் பாத்துட்டு, பத்து முப்பத்தொண்ணு, இனி தொடலாம்னார். நான் என் போனைப் பாத்தேன். பத்து ஒண்ணு. சுவரைப் பாத்தேன். பத்து ஒண்ணு.

அந்த இடத்துலயே எனக்கு விளங்கிருச்சு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், ஒரு காலத்துல கரண்ட் மிச்சம் பிடிக்கணும்னு நாட்டு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வச்சாங்க. அதுல அரை மணி பல வருஷம் அப்பிடியே நின்னுச்சு. புது நேரமா பழைய நேரமான்னு கேட்டுக் கேட்டு பஸ் பிடிச்சோம். பிறகு பழைய நேரத்துக்கே திருப்பிட்டாங்க. அந்தப் பழைய ஓஎஸ் அந்தக் காலத்துல செஞ்சது. அதுல 'இலங்கை'ன்னு தெரிவு பண்ணினா, இன்னைக்கும் அரை மணி முன்னுக்குத்தான் நிக்கும். புரோகிராம் அதைப் பாத்துத்தான் கணக்குப் போடுது. பழைய மெஷின்ல யாரோ புண்ணியவான் 'சென்னை'ன்னு வச்சிருக்கான், நம்ம பழைய நேரமும் அதுவும் ஒண்ணுதான். இன்ஸ்டால் பண்ணும்போது தேசபக்தியில 'இலங்கை'ன்னு போட்டது நான்தான். இத நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே சோசியர் தன்னோட பழைய கொப்பிய எடுத்துட்டார். தர்ஷினி பிறந்தது அந்தப் புது நேரக் காலத்துல. ஆஸ்பத்திரி மணிக்கூட்டுல ஆறு பத்து. அவர் அன்னைக்கே அரை மணியக் கழிச்சு, பழைய நேரம் அஞ்சு நாப்பதுன்னுதான் புரோகிராமுக்குக் குடுத்திருக்கார்.

நோய் தெரிஞ்சுபோச்சு, மருந்தும் தெரிஞ்சுபோச்சு. ஆனா நிஜ ராகு காலம் முடிய இன்னும் இருபத்தேழு நிமிஷம். கெஞ்சினோம், ஐயா அசையல. டீச்சர் சுவர் மணிக்கூட்டைப் பாத்துக்கிட்டே சேலைத் தலைப்பைத் திருகித் திருகிக் கயிறாக்கிட்டாங்க. பத்தரைக்கு 'சென்னை'ன்னு மாத்தி, புரோகிராமை அணைச்சு, திரும்பத் திறந்தேன். செவ்வாய் பதினொண்ணுல போய் உக்காந்துச்சு. டீச்சர் பக்கத்துல போய் ஒவ்வொரு கட்டமா எண்ணினாங்க. ரெண்டாவது தடவையும் எண்ணிட்டு, அப்பத்தான் சிரிச்சாங்க. சோசியர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சார்.

"நான் அன்னைக்கே கழிச்ச அரை மணிய இது இன்னொருக்கா கழிச்சிருக்கு. உள்ளுக்க இருக்கிறதால வெளிய நேரம் மாறினது அதுக்குத் தெரியல, பாவம்."

திருப்பித் தர மாட்டேன்

சந்தோஷம் அஞ்சு நிமிஷம்தான். வெள்ளிக்கிழமை அந்த மெஷின்ல இன்னும் மூணு பேருக்கு ஜாதகம் அடிச்சுக் குடுத்திருக்கேன்னு சோசியர் தலையில கைய வச்சார். ரெண்டு பேரு பக்கத்து லயின் வீடுகள்ல இருக்கிறவங்க, உடனே வாங்கி, மாத்திக் குடுத்தாச்சு. மூணாவது ஆள் ரயில்வேயில கார்டா இருந்து ரிடயர் ஆன சிவலிங்கம் அங்கிள். ஸ்டேஷன் ரோட்டுல இருக்கார். நானும் சோசியரும் குடையப் பிடிச்சுக்கிட்டுப் போனோம்.

அங்கிள் அந்தப் பேப்பரை ஏற்கனவே கண்ணாடிச் சட்டம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டார். அந்த அரை மணியில அவரோட லக்னமே மாறி, அதுல ஒரு ராஜயோகம் வந்து உக்காந்திருக்கு. சோசியர் பொறுமையா எடுத்துச் சொன்னார். இது பிழை ஐயா, மெஷின்ல நேரம் தப்பாப் போச்சு, சரியானது இதுன்னு புதுசை நீட்டினார். நானும் குற்றத்தை ஒத்துக்கிட்டேன். அங்கிள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தார். சரியானதை மடிச்சு சோசியர் கையிலயே திருப்பி வச்சார்.

"அறுவத்தெட்டு வருஷம் சரியானதோடதான் இருந்தேன், ஒண்ணும் நடக்கல. மிச்சத்தை நான் இந்தப் பிழையோடயே இருந்து பாத்துக்கிறேன்."

கை கழுவுற இடத்துல

ஞாயித்துக்கிழமை பரிசத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. டீச்சர் முதல் பந்தியிலயே உக்கார வச்சாங்க. ஜாதகம் மஞ்சளோட தாம்பாளத்துல போச்சு, மாத்தளைப் பக்கத்துலேருந்து அவங்க ஜாதகம் வந்துச்சு. சோசியர் ரெண்டையும் வாங்கி, பிரிச்சு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிச்சார். பதினோராம் இடம் வந்தப்ப குரலை ஒரு படி ஏத்தினார், அவ்வளவுதான். மாப்பிள்ளையோட அப்பா கனகராஜ் ஐயா மட்டும், சோசியர் வாசிக்கிற நேரம் முழுக்க நெத்தி வேர்வையத் துடைச்சுக்கிட்டே இருந்தார். நல்ல மழைக் குளிர்ல.

சாப்பிட்டுட்டு நான் பின்பக்கம் பைப்புல கை கழுவிக்கிட்டு இருந்தேன். கனகராஜ் ஐயாவும் வந்தார். நீங்கதானே அந்த மெஷினுக்குள்ள மெஷின் வச்சவர்ன்னு கேட்டார். ஆமான்னேன். அரை மணி பிசகினாலும் அது கண்டுபிடிச்சிருமாமேன்னார். டீச்சர் பெருமையா ஊரெல்லாம் சொல்லியாச்சு போல. நானும் ஆமான்னேன். அவர் பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்து விட்டார், தண்ணிச் சத்தம் கூடிச்சு. சுத்திப் பாத்தார். பிறகு என் காதுப் பக்கம் குனிஞ்சார்.

"நம்ம பையனுக்கும் பிறந்தப்ப ஒரு இருவது நிமிஷம் தள்ளி வச்சுத்தான் எழுதினோம். சும்மா விளையாட்டுக்குன்னாலும் அவன் பேரை அதுக்குள்ள போட்டுராதீங்க, தம்பி."

மெஷின் பிழை விட்டா நம்மள ஏசுவாங்க, சரியா வேலை செஞ்சா நம்மளக் கண்டே பயப்பிடுவாங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேரச் சாப்பாடு கிடைச்சா அதைத்தான் நம்ம தொழில்ல வெற்றின்னு சொல்றது.